சனிக்கிழமை வரை போட்ட கையெழுத்து

புதன்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு ஏசுபாதத்திடமிருந்து போன் வந்தது. அப்போது மனோகர் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கிடங்கின் மூன்றாவது மாடியில், தீயணைக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மேல்பக்கம் சரிஞ்சிடுச்சு. பாபு உள்ள மாட்டிகினான்."

"எங்க?"

"வடக்கு மூலையில. தோண்டிகினுதான் கீறோம். ஒரு கை தெரியுது. மூச்சு இருக்கிற மாதிரி தெரில."

மனோகர் சரி என்றார். போனை வைத்துவிட்டு, கையில் இருந்த தாளில் அந்தக் குழாய்க்கான கட்டத்தை நிரப்பினார். அடுத்த குழாயையும் பார்த்து முடித்தார். அதன் பிறகுதான் கீழே இறங்கிப்போய் மேற்பார்வையாளரிடம் ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னார். ஏன் அந்த இன்னொரு குழாயைப் பார்த்தோம் என்று பல நாள் கழித்து யோசித்தபோதும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஏசுபாதம், கோலார் தங்க வயலுக்கு வெளியே பேத்தமங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு கிராவல் குழியில் ஜேசிபி ஓட்டுகிறவன். மூன்று ஏக்கர் குழி. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நந்தகுமார் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். புதிதாக மனை பிரிக்கிறவர்களுக்குச் சாலை போட அங்கிருந்து நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டிப்பர் கிராவல் போகும். வேலை செய்கிறவர்கள் மொத்தம் ஆறு பேர். அந்தக் குழிக்கு மனோகர்தான் ஃபோர்மேன்.

அவ்வளவு சின்னக் குழியானாலும் சட்டம் சட்டம்தான். சுரங்க ஃபோர்மேன் சர்டிபிகேட் உள்ள ஒருவர் தினமும் வேலை தொடங்கும் முன் போய், மண் வெட்டும் முகப்பை, அவர்கள் பாஷையில் ஃபேஸை, பார்க்க வேண்டும். விரிசல் இருக்கிறதா, மேலே ஏதாவது தொங்குகிறதா, ஆட்கள் போகும் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனோகரிடம் அந்த சர்டிபிகேட் இருந்தது. தங்கச் சுரங்கம் மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், தொண்ணூற்றொன்பதில் பரீட்சை எழுதி வாங்கியது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. சுரங்கம் மூடிய பிறகு அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து நந்தகுமார் வந்து கேட்டான்.

முதலில் வாரத்துக்கு மூன்று நாள் போனார். பிறகு ஒயிட்ஃபீல்டு வேலை கிடைத்தது. செவ்வாய் முதல் சனி வரை அங்கே. அதனால் குழிக்குத் திங்கட்கிழமை மட்டும் போவது என்று ஆனது. திங்கட்கிழமை போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புத்தகத்தை வாங்கி அந்த வாரம் முழுவதற்கும் எழுதிவிடுவார். 'ஃபேஸ் பார்த்தேன். சேஃப்.' தேதி, கையெழுத்து. அடுத்த வரி, அடுத்த தேதி, கையெழுத்து. ஆறு வரி எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நந்தகுமாரும் அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை. சுற்று வட்டாரத்துக் குழிகளில் ஃபோர்மேன் முகத்தையே பார்க்காத குழிகள் உண்டு.

கிடைத்த ரயிலில் பங்காருப்பேட்டை வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. பாபுவின் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ் வந்துவிட்டுப் போயிருந்தது. வடக்கு மூலையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஏசுபாதம் மட்டும் ஜேசிபியின் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் கை இரண்டிலும் முழங்கை வரை சிவப்பு மண் அப்பியிருந்தது.

மனோகர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். முகப்பு இருபதடி உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. அடியில் ஜேசிபியின் வாளியை வைத்துத் தோண்டித் தோண்டி, கீழே குடைந்தும் மேலே துருத்திக்கொண்டும் இருந்தது. அந்தத் துருத்தின பாகம்தான் அப்படியே பிரிந்து விழுந்திருந்தது. இரண்டு டிப்பர் மண் இருக்கும். மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா, நசுங்கி, மூடி தனியாக.

"சாப்பிட உக்காந்தாண்ணா," என்றான் ஏசுபாதம். "வெயிலு. அங்கதான நெழலு. நான் வண்டிய நிறுத்திட்டு தண்ணி எடுக்கப் போனேன். சத்தங்கூடப் பெருசா இல்ல."

பாபுவுக்கு முப்பத்தைந்து வயது. டிப்பருக்குத் தார்ப்பாய் கட்டுவது, வண்டி வரும் வழியைச் சமப்படுத்துவது, பெரிய கற்களைப் பொறுக்கித் தள்ளுவது அவன் வேலை. வீடு கோரமண்டல் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. மனோகருக்கு அவனைத் திங்கட்கிழமைகளில் மட்டும் தெரியும். பேசுகிறவன் இல்லை.

மனோகருக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வரவில்லை. தொண்ணூற்று ஏழில் நந்திதுர்க் சுரங்கத்தில் பூமிக்கடியில் ஒரு லெவலில் பாறை வெடித்து இரண்டு பேர் போனபோது, ஆட்களைத் தூக்கும் கேஜில் மேலே வருகிற வழியெல்லாம் எல்லார் முன்னாலும் அழுதவர் அவர். இப்போது, பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கயிற்றுக்கு அடியில் குனிந்து போய், டப்பா மூடியை எடுத்து டப்பாவின் மேல் வைத்தார். போலீஸ் எதையும் தொடக் கூடாது என்று சொன்னதாக ஏசுபாதம் சொன்னான். மூடியை எடுத்துப் பழையபடி கீழே வைத்தார்.

ஏழு மணிக்கு நந்தகுமார் கடைக்கு வரச் சொன்னான். அவனும் மதியத்திலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவனே பிடித்து இறக்கினானாம். சட்டையில் மண் இருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மேஜை மேல் குழியின் புத்தகம் திறந்து கிடந்தது.

நந்தகுமார் விரலை வைத்துக் காட்டினான். புதன், வியாழன், வெள்ளி, சனி. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருந்தது. 'ஃபேஸ் பார்த்தேன். சேஃப்.'

"இன்னிக்கி புதன்தாண்ணா," என்றான் நந்தகுமார். "சனிக்கிழம வரைக்கும் சேஃப்னு எழுதிக் கீது."

மனோகர் குனிந்து அந்த வரிகளைப் பார்த்தார். எத்தனையோ வாரம் அவரே எழுதியதுதான். ஆனால் இன்னும் வராத மூன்று நாளுக்குக் கீழே தன் பெயரைப் பார்த்தபோது அது வேறு யாருடைய கையெழுத்தோ மாதிரி இருந்தது.

சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை வருவார்கள் என்று நந்தகுமார் சொன்னான். அவர்கள் முதலில் கேட்பது இந்தப் புத்தகத்தைத்தான். அதனால் புதிதாக ஒன்று எழுத வேண்டும், ஜனவரியிலிருந்து புதன்கிழமை வரை, ஒழுங்காக. புதன்கிழமைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: வடக்கு மூலையில் மேல்பக்கம் தொங்குகிறது, அடியில் யாரும் போகக் கூடாது என்று ஆட்களிடம் சொன்னேன். அப்படி எழுதினால் இருவரும் தப்பிக்கலாம். ஏசுபாதத்திடமும் மற்றவர்களிடமும் பேசிவிட்டான். அவர்களும் அப்படியே சொல்வார்கள். குழி மூடினால் அவர்களுக்கும் வேலை போகும்.

"பாபுவுக்கு எதிரா சொல்றேன்னு நெனைக்காதீங்கண்ணா. அவன் பொண்டாட்டி புள்ளைய நான் பாத்துக்குவேன். சத்தியமா. அவன் போயிட்டான். அவனுக்கு இனிமே இன்னா ஆவப் போது?"

சொல்லிவிட்டு நந்தகுமார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை என்று அவன் குரலிலேயே தெரிந்தது. மனோகர் சரி என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். நந்தகுமார் அதே மாதிரி அட்டை போட்ட புதுப் புத்தகம் ஒன்றும், நீலமும் கறுப்புமாக நான்கு பேனாவும் வைத்திருந்தான். மனோகர் எழுத ஆரம்பித்தார். ஃபேஸ் பார்த்தேன், சேஃப். அறுபது நாளுக்கு மேல். பேனாவை மாற்றி மாற்றி எழுதினார். சில நாளில் கொஞ்சம் சாய்வாக, சில நாளில் அவசரமாக. மழை பெய்த ஒரு நாளை ஞாபகம் வைத்து 'ஈரம், கவனம் சொன்னேன்' என்று சேர்த்தார். அதைச் சேர்க்கச் சொல்லி நந்தகுமார் கேட்கவில்லை. கை தானாக எழுதியது. கடைசியாகப் புதன்கிழமை வரியையும், நந்தகுமார் சொன்னபடி, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினார். முடித்தபோது ஒன்பது மணி. நந்தகுமார் ஒரு பிடி கிராவல் தூசியை எடுத்து அட்டையில் தேய்த்தான்.

மதியம் பாபுவைக் கோரமண்டல் லைனுக்குக் கொண்டுவந்தார்கள். மனோகரும் நந்தகுமாரும் சேர்ந்தே போனார்கள். வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பாபுவின் மனைவி மங்கம்மா உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. மனோகர் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அவரைப் பார்த்தாள்.

"ஃபோர்மேன் சாருதான நீங்க?"

ஆமாம் என்றார்.

"காலையிலயே நீங்க சொன்னீங்களாமே சார், அங்க போவாதன்னு."

நந்தகுமார் பக்கத்தில் நின்றிருந்தான். மனோகர் தலையை ஆட்டினார். லேசாகத்தான். ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் கணவனின் முகத்தைக் குனிந்து பார்த்து, வீட்டில் எப்போதும் பேசுகிற குரலிலேயே சொன்னாள்:

"என்னிக்காவது ஒரு பேச்சு கேட்டுருக்கியா நீ? எவன் சொன்னாலும் கேக்க மாட்ட. இப்ப பாரு."

பெண்கள் அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டார்கள். அவள் அவர்கள் கையை விலக்கிவிட்டாள். மனோகர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி சுந்தரி சாப்பாடு போட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆனவள். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"லைன் முழுக்க நீங்க காலையில குழிக்குப் போயி பாபுகிட்ட சொன்னதா பேசிக்கிறாங்க. நீங்க அஞ்சரை வண்டிக்குத்தான போனீங்க? நாந்தான டிபன் கட்டிக் குடுத்தேன்?"

மனோகர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்ப அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்டதைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது அதுவும் தெரியவில்லை. வெள்ளியும் சனியும் ஒயிட்ஃபீல்டு போனார். ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தார். தூங்கவும் இல்லை, எதையும் யோசிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி வந்தார். பெயர் ஷில்பா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காரிலிருந்து இறங்கியதும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் குழியை ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு உடன் வந்த உதவியாளரோடு அளக்க ஆரம்பித்தார். முகப்பின் உயரம், குடைந்திருந்த ஆழம், விழுந்த மண்ணின் நீள அகலம். இப்படிப்பட்ட தளர்ந்த மண்ணை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் நேராக வெட்டக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஆறு மீட்டருக்கு மேல் இருந்தது. ஆட்கள் உட்காரக் கொட்டகை இருக்க வேண்டும். எங்கே என்று கேட்டார். போன மாதம் காற்றில் போய்விட்டது என்றான் நந்தகுமார். கொட்டகை என்று ஒன்று அங்கே எப்போதும் இருந்ததில்லை. அவன் சொன்னதை ஷில்பா அப்படியே எழுதிக்கொண்டார்.

புத்தகத்தை வாங்கிக் காரின் பானட் மேல் வைத்து, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆட்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். ஏசுபாதம் போய் வந்தான். மற்ற நான்கு பேரும் போய் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள் என்று, திரும்பி வந்தபோது அவர்கள் நடந்த விதத்திலேயே மனோகருக்குத் தெரிந்தது.

கடைசியாக அவர் முறை. ஷில்பா கன்னடத்தில் கேட்டார், மனோகரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். சர்டிபிகேட் எண் என்ன, எத்தனை வருஷமாக இந்த வேலை, சுரங்கத்தில் எந்தப் பகுதி. அன்று காலை எத்தனை மணிக்கு வந்தீர்கள்? ஏழு மணிக்கு. எந்த வழியாக இறங்கினீர்கள்? வண்டி வரும் வழியாக. எல்லாவற்றுக்கும் தடங்கல் இல்லாமல் பதில் வந்தது. அவர் சொல்வது அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது.

"சரி," என்றார் ஷில்பா. "நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்களோ, அங்கே போய் நில்லுங்கள். நான் வருகிறேன்."

மனோகர் நடந்தார். கயிற்றைத் தூக்கி உள்ளே போனார். ஷில்பா பின்னால் வந்தார். எங்கே நிற்பது? விழுந்த மண்ணுக்கு இடதுபக்கம் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. அங்கே நின்று முகப்பைப் பார்த்தார். மேலே, விழாமல் மிச்சம் நின்ற பாகத்தில், ஒரு விரிசல் மேலிருந்து கீழ் வரை ஓடியது. கட்டைவிரல் நுழையும் அளவு அகலம். அதிலிருந்து புல்லின் வேர்கள் தொங்கின. இன்று நேற்று வந்த விரிசல் இல்லை. வேர் உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்திருந்தது. ஒரு மழைக்காலமாவது அது அங்கே இருந்திருக்க வேண்டும். எத்தனையோ திங்கட்கிழமைகளில் இங்கே வந்திருக்கிறார். இதுவரை அதை அவர் பார்த்ததில்லை.

"இங்கேயா நின்றீர்கள்?" என்று கேட்டார் ஷில்பா.

மனோகர் கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார்.

"நான் இங்க நிக்கல மேடம். அன்னிக்கி நான் வரல. ஒயிட்ஃபீல்டுல இருந்தேன்."

ஷில்பாவுக்குத் தமிழ் புரிந்தது. அப்படியானால் புத்தகம் என்று கேட்டார். அது வியாழக்கிழமை உட்கார்ந்து எழுதியது என்றார் மனோகர். பழைய புத்தகம் வேறே இருக்கிறது, அதில் சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து போட்டிருந்தது, வாராவாரம் அப்படித்தான் என்றார். பாபுவை எச்சரித்தது யார் என்று ஷில்பா கேட்டார்.

"யாரும் சொல்லல. குழியில நெழல்னா அது ஒண்ணுதான் மேடம். எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க. திங்கக்கெழம வந்தா நானும் அங்கதான் உக்காந்து டீ குடிப்பேன்."

ஷில்பா அவரை வெளியே வரச் சொன்னார். மேலே பார்த்துக்கொண்டே சீக்கிரம் வரச் சொன்னார். காருக்குப் பக்கத்தில் நின்று மறுபடியும் எல்லாவற்றையும் கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார். மனோகர் நான்கு பக்கத்தையும் மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தார். ஒரு இடத்தில் பாபுவின் வயது தப்பாக இருந்தது. சொன்னார். ஷில்பா திருத்தினார்.

பழைய புத்தகம் எங்கே என்று நந்தகுமாரைக் கேட்டபோது, அவன் மறுப்பான் என்று மனோகர் நினைத்தார். கொளுத்தியிருப்பான் என்றும் நினைத்தார். ஆனால் நந்தகுமார் கடைக்குப் போய், பத்திரமாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தான். கார் போன பிறகு மனோகர் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏண்ணா?"

"தெரில நந்தா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"எனக்கே தெரியாது. அங்க போயி நிக்கிற வரைக்கும் தெரியாது."

நந்தகுமார் தலையை ஆட்டினான். கோபப்படுவதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. குழியை மறு உத்தரவு வரும்வரை மூடச் சொல்லி ஷில்பா எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறிப் போனான்.

ஏசுபாதத்துக்குத்தான் கோபம். எங்களைப் பொய்யர்களாக்கிவிட்டீர்கள், முன்னாலேயே சொல்லியிருந்தால் நாங்களும் உள்ளதையே சொல்லியிருப்போமே என்றான். ஆனாலும் கோரமண்டலில் இறக்கிவிடு என்று மனோகர் கேட்டபோது, தன் பைக்கைக் கிளப்பினான். மறுநாள் அவனே போய்த் தன் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான் என்று பிறகு தெரிந்தது.

லைன் வீட்டு வாசலில் ஷாமியானாவைப் பிரித்திருந்தார்கள். மங்கம்மா உள்ளே சுவரோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மனோகர் வாசல்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாள். இங்கேயே நிற்கிறேன் என்றார்.

"அன்னிக்கி நீ கேட்ட இல்லம்மா, நான் காலையில சொன்னனான்னு. நான் சொல்லல. நான் அங்க வரவே இல்ல. அங்க உக்காராதன்னு பாபுகிட்ட யாருமே சொல்லல. இன்னிக்கி ஆபீசர் அம்மாகிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டேன்."

முறம் அவள் மடியில் நின்றது.

"யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லல."

"சொல்லியும் கேக்காம போனாருன்னு..." அவள் நிறுத்தினாள். "அஞ்சு நாளா திட்டிகினே இருந்தேன் சார். பொணத்தத் திட்டினேன். நேத்து போட்டோவத் திருப்பி வெச்சிட்டேன், மூஞ்சியப் பாக்கப் புடிக்காம."

மனோகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே சார். பக்கத்துலதான நின்னீங்க."

"ஆமாம்மா."

அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். பின்கட்டைப் பார்த்து மாமியாரைக் கூப்பிட்டாள். ரத்தினம்மாவுக்குக் காது மந்தம். ஈரக் கையோடு வந்து நின்றார். மங்கம்மா, சார் சொல்வதைக் கேளுங்கள் என்று அவர் காதருகே சத்தமாகச் சொன்னாள். பிறகு மனோகரைப் பார்த்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க சார்."

மனோகர் மறுபடியும் சொன்னார், சத்தமாக. லைனில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டு பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர்களும் கேட்கட்டும் என்பதுபோல மங்கம்மா வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். அவர்களுக்கும் மனோகர் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. உள்ளே மங்கம்மா அழுகிற சத்தம் கேட்டபோது அவர் அங்கிருந்து கிளம்பி நடந்தார். நந்திதுர்க்கில் இருக்கிற தன் வீடு வரைக்கும் நடந்தே போனார்.

அன்று சாப்பிடும்போது குழம்பில் உப்பு அதிகம் என்றார்.

"நாலு நாளா அப்படித்தான் போடறேன்," என்றாள் சுந்தரி. "நீங்க ஒண்ணும் சொல்லல."

இரண்டு கை தண்ணீர் எடுத்து அவர் தட்டில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடச் சொன்னாள். அவர் நடந்ததையெல்லாம் அப்போதுதான் அவளிடம் சொன்னார். அவர் முடித்ததும், அந்தப் பெண் வீட்டுக்குத் தானும் ஒருமுறை போய் வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. மனோகரின் சர்டிபிகேட்டை மூன்று வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவருக்கு அறுபத்திரண்டு ஆகிவிடும். ஒயிட்ஃபீல்டு கிடங்குக்காரர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மரியாதையாகவே, இந்த மாதத்தோடு போதும் என்றார்கள். நந்தகுமாரின் குத்தகையை ரத்து செய்தார்கள். அவன் மேலும் மனோகர் மேலும் வழக்குப் போட்டார்கள். ஏசுபாதம் மாலூர் பக்கம் வேறொரு குழிக்கு வேலைக்குப் போனான். அங்கே கொட்டகை இருக்கிறதா என்று மனோகர் போனில் கேட்டார். தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது, உள்ளே உட்கார முடியாத சூடு என்றான்.

வழக்கின் முதல் தேதி ஜூலையில் வந்தது. தானும் வருகிறேன் என்று மங்கம்மா சொல்லியனுப்பியிருந்தாள். காலை பஸ்ஸில் மனோகர் பின்பக்கமும் அவள் முன்பக்கமுமாக ஏறினார்கள். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நந்தகுமார் வக்கீலோடு தூணருகே நின்றான். இவர்களைப் பார்த்துக் கை தூக்கினான், பக்கத்தில் வரவில்லை. ஒன்றரை மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இரண்டு நிமிஷம் நின்றார்கள். அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். வாய்தா போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும், கோர்ட்டில் என்ன சொன்னார்கள் என்று மங்கம்மா கேட்டாள். தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று மனோகர் விளக்கினார்.

"எப்ப?"

"ஆகஸ்ட் பத்தொம்பது."

"அன்னிக்கி கேப்பாங்களா?"

"தெரில. மறுபடி தள்ளினாலும் தள்ளுவாங்க."

"தள்ளினா தள்ளட்டும். நீங்க வந்துடுங்க சார்."

வரேன் என்றார் மனோகர். தங்க வயல் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். பின்வாசலில் கால் வைக்க இடம் கிடைக்கும் வரை காத்திருந்து மனோகரும் ஏறிக்கொண்டார்.